வேலூர்ப் பந்தியும் நமது சஹனும்



"மௌலவி, இந்து நண்பர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகலாமா?" என்று உங்களில் பலர் அடிக்கடி கேட்கிறீர்கள். எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

நான் தமிழகத்தின் வேலூரில், பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அருகே ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். வீட்டிலிருந்து பணம் வரப் பிந்திய மாதங்களில் முகம் சுளிக்காமல் கடன் தந்தவர். நான் காய்ச்சலில் படுத்தபோது அவரது மனைவி கஞ்சி காய்ச்சி அனுப்பினார். சென்ற வருடம் அவர்களின் மகளுக்குக் கலியாணம். "தம்பி, நீங்க கட்டாயம் வரணும்" என்று தொலைபேசியில் அழைத்தார். "தாடியும் தொப்பியுமாக அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்?" என்று இங்கே ஒரு நண்பர் கேட்டார். உண்ட வீட்டை மறக்கும்படி எந்த மார்க்கம் சொல்கிறது? மணமகளுக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு போனேன்.

சுபஹு தொழுதுவிட்டு மண்டபத்துக்குச் சென்றேன். வாசலில் குலை தள்ளிய வாழைகள். உள்ளே நாதஸ்வரமும் தவிலும். வரவேற்பு மேசையில் பன்னீர், சந்தனம், குங்குமம், கற்கண்டு. பன்னீரையும் கற்கண்டையும் ஏற்றேன், குங்குமத்தை எடுக்கவில்லை. தாலி கட்டும்போது மணமக்கள் மீது தூவுவதற்காக, மஞ்சள் கலந்த அரிசியான அட்சதையைத் தட்டில் கொண்டு வந்தார்கள். அது அவர்களது சடங்கின் ஓர் அங்கம். நெஞ்சில் கைவைத்து மெதுவாகத் தலையசைத்தேன். தட்டேந்திய இளைஞர் புன்னகையுடன் அடுத்தவரிடம் போனார். கெட்டிமேளம் முழங்கியபோது ஓரமாக அமர்ந்து, அந்தப் பிள்ளையின் வாழ்வு நலமாக அமையட்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு பந்தி. வாழையிலையின் நுனி இடப்பக்கம் இருக்கும்படி போட்டு, உப்பில் தொடங்கிப் பாயசம் வரை பரிமாறினார்கள். எல்லாம் மரக்கறி. வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "தம்பி, சாமிக்குப் படைச்சது எதுவும் உங்க இலைக்கு வராது. சமையல்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. மகளின் கலியாண அமளியிலும் அவர் எனக்காக யோசித்திருக்கிறார். சோறு தொண்டையில் நின்றது.

காரணம், எனது தங்கையின் வலீமா. என்னுடன் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவர் அதற்கு வந்திருந்தார். மரக்கறி உண்பவர், அது எனக்குத் தெரியும். ஆறு பேருக்கு ஒரு சஹன், சோற்றின் மேல் மாட்டிறைச்சி. வட்டிலப்பத்திலும் முட்டை. ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, "வயிறு சரியில்லை மௌலவி" என்று விடைபெற்றார். நான் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வாசகர்களே! மார்க்கத்தின் பெயரால் நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும், அவர்களுடன் நீதமாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது ஸூரா அல்மும்தஹினாவின் 8ஆவது வசனம் தரும் கருத்து. நபி (ஸல்) அவர்கள் கொடுத்த பட்டாடையை உமர் (ரழி) அவர்கள் மக்காவில் இருந்த, இஸ்லாத்தை ஏற்றிராத தம் சகோதரருக்கு அன்பளிப்பாக அனுப்பிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. வணக்கச் சடங்கில் பங்குகொள்வது வேறு, அயலவரின் மகிழ்ச்சியில் பங்குகொள்வது வேறு. சடங்கு நேரத்தைத் தவிர்த்து விருந்துக்கு மட்டும் செல்வதே பேணுதல் என்று கூறும் உலமாக்களும் உள்ளனர். தன் எல்லையைப் பேண இயலாது என அஞ்சுபவர் அவ்வாறே செய்யட்டும்.

ஆனால் அவர்கள் வீட்டில் நமது ஹலாலைப் பற்றிக் கவலைப்படும் நாம், நமது வீட்டில் அவர்களது உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? அழைப்பிதழ் கொடுக்கும்போதே கேளுங்கள். இறைச்சி படாத சட்டியில், தனிக் கரண்டியுடன் சமைப்பியுங்கள். கூட இருந்து பரிமாற வீட்டில் ஒருவரை நியமியுங்கள். கலியாணச் செலவில் இது எம்மாத்திரம்?

ஊர் திரும்பிய பின் அந்த ஆசிரியரைப் பகலுணவுக்கு அழைத்தேன். என் மனைவி புதுச் சட்டி வாங்கிப் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தார். ஆசிரியர் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். வயிற்றைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை.

வஸ்ஸலாம்.