ஒரே நாளில் குவியும் ரத்தம்



தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நடந்த ரத்ததான முகாம்கள் பற்றிய செய்தியைப் படித்தேன். பாராட்ட வேண்டிய பணிதான். ஆனால், ஊரெங்கும் ஒரே நாளில் முகாம் நடத்துவதால் பயன் குறைகிறது. தானமாகப் பெறும் ரத்தத்தை சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்துச் சேமிக்கிறார்கள். உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு வரை இருக்கும். சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள்களும், தட்டணுக்கள் 5 நாள்களும்தான் தாங்கும்.

சென்ற கோடையில் என் தங்கை மகளின் பிரசவத்தின்போது அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. கல்லூரிகளுக்கு விடுமுறை, முகாம்களும் இல்லை, அதனால் இருப்பு இல்லை என்றார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, கடைசியில் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் வந்து கொடுத்தார்.

ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். எனவே, முகாம் நடத்துவோர் ரத்த வங்கியுடன் கலந்தாலோசித்துத் தேதி குறிக்கட்டும். கொடையாளர்களின் ரத்த வகையையும் கைப்பேசி எண்ணையும் பதிந்துவைத்து, அடுத்த முறை கொடுக்கத் தகுதி வந்ததும் ரத்த வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்பலாம். இப்படிச் செய்தால், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில் ஏற்படும் தட்டுப்பாடு பெருமளவு தீரும்.

- வாசகி, கும்பகோணம்