பச்சைப் புள்ளியை நம்பாதீங்க

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. பின்னேரம் அஞ்சு மணி தாண்டி நாடு முழுக்க கரண்ட் போனது. கொத்மலை – பியகம மின்கடத்தல் பாதையில் வந்த கோளாறு. அந்த நேரம் எங்கட தோழி ஒருத்தி மட்டக்களப்பு டவுனில் ஒரு புடவைக்கடையின் இரண்டாம் மாடியில் வேலையில் நின்றாள். படிக்கட்டுச் சுவரில் ரெண்டு கண் வைச்ச எமர்ஜென்சி லைற் ஒன்று இருந்தது. கடை திறந்த நாளில் இருந்து அதில் பச்சைப் புள்ளி எரிஞ்சுகொண்டுதான் இருந்ததாம். அன்றைக்கு அது கொஞ்ச நேரம் மங்கலாக எரிஞ்சு, செத்துப்போனது. படியில் நத்தார் சீசனுக்கு வந்த பெட்டிகள். கைப்பிள்ளையோட வந்த ஒரு அம்மா பெட்டி தடக்கி விழப் பார்த்தா. வேலை செய்ற பிள்ளைகள்தான் கையைக் கோத்து இறக்கிவிட்டார்கள்.

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடுத்த நாளே எல்லாரும் மறந்துபோனார்கள். நாங்கள் மறக்கத் தயாரில்லை.

"ஜெனரேற்றர் இருக்குத்தானே" என்பது முதல் பதில். ஜெனரேற்றர் வியாபாரம் நிற்காமல் இருக்க வாங்கியது. கட்டடத்துக்குள்ளேயே வயர் எரிஞ்சால், பிரேக்கர் விழுந்தால், ஜெனரேற்றரின் கரண்டும் அதே வயரால்தான் வரவேண்டும். வராது. அந்த நேரத்துக்குத்தான் தன்ர வயிற்றுக்குள்ளேயே பற்றரி வைச்ச லைற்.

"போன் ரோச் இருக்குத்தானே" என்பது இரண்டாவது பதில். வேலைக்கு வந்ததும் போனை வாங்கி வைக்கிற கடைகள் எத்தனை என்று வேலை செய்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். போன் இருந்தாலும் புகைக்குள் ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் கைப்பிடியைப் பிடிக்க வேணும். மூன்றாவது கை யாருக்கு இருக்கு?

அந்தப் பச்சைப் புள்ளி சொல்வது ஒன்றே ஒன்று: சார்ஜ் ஏறுது. எவ்வளவு நேரம் எரியும் என்று அது சொல்லாது. பற்றரிக்குச் சூடு ஆகாது. எங்கட ஊர் வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்காகத் தொங்குகிற பற்றரி உள்ளுக்குள்ளே செத்துப்போயிருக்கும். வாவிக்காற்றின் உப்பு இணைப்புகளையும் தின்னும். வெளியே புள்ளி மட்டும் பச்சையாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இஞ்சினியர் தேவையில்லை. பிரித்தானியத் தரநிலையான பிஎஸ் 5266 சொல்வது இதுதான்: மாதம் ஒருக்கா கரண்டை நிறுத்தி, லைற் எரியுதா என்று பாருங்கள். வருஷம் ஒருக்கா முழு நேரமும், வழக்கமாக 3 மணித்தியாலம், எரியவிட்டுப் பாருங்கள். ரெண்டையும் ஒரு கொப்பியில் திகதியோட எழுதுங்கள். மாதச் சோதனைக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் போதும். இரவில் இறால் பிடிக்க வாவிக்குப் போறவர் தோணி தள்ள முதல் ரோச்சை அடிச்சுப் பார்ப்பார். அவருக்கு ஒருத்தரும் சட்டம் படிப்பிக்கவில்லை. மூன்று மாடி கட்டின முதலாளிக்கு அந்த அறிவு ஏன் இல்லை?

2012 நவம்பர் 24 இரவு, டாக்காவுக்குப் பக்கத்தில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. அலாரம் அடிச்சபோது "ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்க" என்று மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கரண்டும் போய், இருட்டுக்கும் புகைக்கும் இடையில் வழி தெரியாமல் நின்றார்கள். குறைந்தது 112 பேர் செத்தார்கள். பெரும்பாலும் எங்கட வயசுப் பெண்கள்.

இங்கே தொழிற்சாலைகளுக்கு 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தீ வந்தால் தப்பும் வழி பற்றி அது பேசுகிறது. புடவைக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டம். அது பெரும்பாலும் வேலை நேரம், சம்பளம், லீவு பற்றியது. ஆனால் இருட்டுக்குக் கடையும் தொழிற்சாலையும் ஒன்றுதான். மாடிக்கடை, ரியூசன் கொட்டில், வங்கி, கலியாண மண்டபம் என்று ஆள் கூடுற எந்தக் கட்டடத்துக்கும் மாநகரசபை லைசன்ஸ் புதுப்பிக்கும்போது அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்ல வேணும். கொப்பி இல்லையென்றால் லைசன்சும் இல்லை. எங்கட கோரிக்கை இவ்வளவுதான்.

"கேட்டால் வேலை போயிரும்" என்று எங்கட தோழி சொன்னாள். அந்தப் பயம் பொய்யில்லை. வாடகையும் தம்பியின் படிப்பும் அவள் தலையில். அதனால் தனியாக் கேட்காதீங்க. நாலு பேராச் சேர்ந்து கேளுங்க. வேலை செய்யாத நாங்கள் வாடிக்கையாளராப் போய்க் கேட்போம்: "அண்ணன், அந்த லைற்றில் டெஸ்ட் பட்டன் இருக்கு, ஒருக்கா அமத்திக் காட்டுங்க." அமத்தினதும் எரிஞ்சால் நன்றி சொல்லி, கொப்பியையும் கேட்போம். எரியாவிட்டால், அந்த மாடிக்கு எங்கட அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம். அதையும் அவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு இறங்குவோம்.