பெரிய சக்கரம் பெருமையா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சாலையிலே ஓசையின்றி ஒரு கார் போகிறது. புகையில்லை, இரைச்சலில்லை. மிதித்த நான்கைந்து விநாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. பார்ப்பவர் பேட்டரியைப் பற்றிப் பேசுகிறார். மோட்டாரைப் பற்றிப் பேசுகிறார். அத்தனை வேகமும் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகள், அவ்வளவுதான்! அந்த உள்ளங்கைகளுக்காக வாதாடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

"உனக்கும் மின்சாரக் காருக்கும் என்னடா உறவு?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சைக்கிள். ஆனால் என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாக நெடுஞ்சாலை ஓரத்து டயர்க் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிப்பார். கண்ணை மூடிக்கொண்டு தடவியே படிப்பார்.

சென்ற கார்த்திகையில் அந்தக் கடைக்கு ஒரு வெள்ளை மின்கார் வந்தது. பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்து, இரண்டு டயர்கள் கிழிந்திருந்தன. கடையில் அதே அளவில் விலை குறைந்த டயர் இருந்தது. உரிமையாளர் அதையே போடச் சொன்னார். தந்தையார் தடவிப் பார்த்துவிட்டு, "சார், பழைய டயர்ல 98னு இருக்கு, இதுல 94தான் இருக்கு. இந்த வண்டி வெயிட்டுக்கு இது வேண்டாம் சார்" என்றார். "படிச்ச எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். வந்த வியாபாரத்தை விரட்டியதற்காக முதலாளி அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு தந்தையார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் சொன்னது சரிதானேப்பா?"

சரிதான். அதை இங்கே எழுதி வைக்கிறேன். 98 என்ற எண்ணுக்கு அந்த டயர் 750 கிலோ தாங்கும் என்று பொருள். 94 என்றால் 670 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தால் 320 கிலோ குறைகிறது. பேட்டரியின் கனத்தால் இத்தகைய கார்கள் இரண்டு டன்னை நெருங்குகின்றன, சில தாண்டுகின்றன. ஆள்களும் பெட்டிகளும் ஏறினால் இரண்டரை டன். 670-ஐ நான்கால் பெருக்கினால் 2,680 வருகிறதே, போதாதா என்று கேட்பீர்கள். அது நிற்கும் காரின் கணக்கு. பிரேக் பிடித்தால் பாரம் முன்னே பாய்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. அந்த இடைவெளியை எண்ணித்தான் தயாரித்தவர் 98 என்று குறித்தார். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டிலே காற்றழுத்தமும் டயர் அளவும் இருக்கும். அதைக் குனிந்து பார்க்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

இனி ரிம்முக்கு வருவோம். பெரிய ரிம் போட்டால் கார் கம்பீரமாகத் தெரிகிறது, மறுக்கவில்லை. டெஸ்லாவின் மாடல் 3 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 18 அங்குல ரிம்முக்கு 235/45 டயர். 20 அங்குல ரிம்முக்கு 235/35. வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது ரிம்முக்கும் தரைக்கும் இடையே உள்ள ரப்பரின் உயரம். முதலதில் 106 மில்லிமீட்டர், இரண்டாவதில் 82தான். அந்த 24 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காக்கும் மெத்தை! அதைக் காசு கொடுத்துக் கழற்றிவிட்டு, ரிம் நெளிந்தது என்று சாலையைத் திட்டுகிறோம். (சாலையையும் திட்டத்தான் வேண்டும், அது வேறு கட்டுரை.)

ஓடும் தூரமும் குறைகிறது. 2020-ஆம் ஆண்டு மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் காருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கணக்கு: 18 அங்குலச் சக்கரத்தில் 322 மைல், 20 அங்குலத்தில் 299 மைல். அதே பேட்டரி, அதே மோட்டார். அழகுக்காக ஏறக்குறைய 37 கிலோமீட்டர் போயிற்று. காரணம் ஒன்றல்ல. காற்றின் எதிர்ப்பு உண்டு, டயர் ரப்பரின் தன்மை உண்டு. நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்து தேர்வன்றே மறந்த நிலைமத் திருப்புத்திறனும் உண்டு. சக்கரத்தின் விளிம்பிலே உள்ள ஒரு கிலோ முன்னோக்கியும் ஓட வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே காருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கிலோவைப்போல் இரு மடங்கு ஆற்றலை விழுங்குகிறது. பிரேக் பிடிக்கையில் மின்கார் அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறும், முழுவதையும் அல்ல.

அப்படியானால் தூரம் ஒன்றே குறியாக, கடினமான ரப்பரில் சிக்கன டயரைப் போடலாமா? அதுவும் கூடாது என்பேன். நான்கு விநாடியில் பாயத் தெரிந்த கார், அதே துணிவோடு நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். மென்மையான ரப்பர் தரையைப் பற்றும். ஆனால் பட்டன் விரைவில் தேயும். மின்மோட்டார் முழு முறுக்குவிசையையும் தொடக்கத்திலேயே தருவதால் இன்னும் விரைவாகத் தேயும். அந்தச் செலவை ஏற்க மனமில்லாதவர் வேகக் காரை வாங்காதிருப்பதே மேல். பிரேக்கில் இடிக்காத அளவுக்குச் சிறிய, கனம் குறைந்த ரிம், நல்ல பிடிப்புள்ள டயர், எண் குறையாத தாங்குதிறன்: நான் வாங்குவதானால் (சிரிக்காதீர்கள்!) இப்படித்தான் வாங்குவேன்.

மின்காரும் டயரும் புதிதாகச் சேர்ந்த கூட்டாளிகள் அல்ல. சாலை வாகனங்களில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியதே ஒரு மின்கார்தான். 1899-இல் பிரான்சில், காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியத்துக்காரர் ஓட்டினார். அதில் மாட்டியிருந்தவை மிஷலின் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்கள்.

இப்போது சில டயர்களுக்குள் பஞ்சுபோன்ற நுரையை ஒட்டி அனுப்புகிறார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம் காதில் விழுகிறதாம். முதன்முதலாக அப்படியொரு டயரைப் பிரித்தபோது, யாரோ மெத்தையை அறுத்து உள்ளே திணித்துவிட்டார்கள் என்று தந்தையார் நினைத்தாராம். உள்ளிருந்து பஞ்சர் ஒட்ட வேண்டுமானால் அந்த இடத்துப் பஞ்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. கூலி என்னவோ பழைய கூலிதான்.

ஒன்றில் மட்டும் தந்தையாரோடு எனக்குச் சண்டை. சக்கர நட்டை முடுக்கிய பின் ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதிப்பார். மாடல் 3-க்கு 175 நியூட்டன் மீட்டர் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். அவர் எடை 60 கிலோ. ஸ்பேனர் அரை மீட்டர் என்றால் ஏறி நின்றாலே 290-க்கு மேல் போகிறது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அளந்து முடுக்குற ஸ்பேனர் என்ன விலை?" என்று கேட்டார். விசாரித்துச் சொன்னேன். முதலாளியிடம் பேசியிருக்கிறார். தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.