கொசுப்புகைக் கருவியும் கிடைக்காத ஒரு நூலும்

மழைக்காலம் தொடங்கியதும் உள்ளாட்சி ஊழியர் ஒருவர் நீண்ட குழல் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார். காதைப் பிளக்கும் ‘டர்ர்’ என்ற ஓசை, பின்னால் திரளும் வெண்புகை, அதற்குள் புகுந்து ஓடும் சிறுவர்கள். தமிழ்நாட்டில் கொசுமருந்து அடிக்கும் இக்காட்சியைக் காணாதவர் குறைவு. அக்கருவிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே உந்துதண்டோ சுழலும் சக்கரமோ கிடையாது. ஒருமுறை கிளப்பிவிட்டால் தீப்பொறியும் தேவையில்லை. ஒரு சிறு அறையும் ஒரு நீண்ட குழாயும் மட்டுமே. 1944ஆம் ஆண்டு ஜூன் 13 முதல் தென் இங்கிலாந்தின் மீது ஏவப்பட்ட ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டை உந்தியதும் இதே தத்துவம்தான் என்று சொன்னால் முதலில் நம்பத் தோன்றாது. நாமும் நம்பவில்லை.

சொன்னவர் நம்முடன் பணியாற்றும் இயற்பியல் விரிவுரையாளர். மாணவர்களுக்கு இதை விளக்க நினைத்து நூல் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. “தமிழய்யா, ஏடு தேடுவது உங்கள் கூட்டத்துக்குக் கைவந்த வேலை. இதையும் தேடிக் கொடுங்கள்” என்று வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்த வேடிக்கை நம்மை ஓராண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. இலக்கியத் தளத்தில் எந்திர நூல்களைப் பற்றி எழுதுவதற்கு வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் இதுவும் சுவடிக் கதைதான்.

பல்ஸ்ஜெட் என்று வழங்கும் கருவியை இங்கே துடிப்புத் தாரைப்பொறி என்கிறோம். அதன் உயிரான நிகழ்வைத் துடிப்பெரிவு என்கிறோம். வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்வோடு மாற்றிக்கொள்வோம். அறைக்குள் எரிபொருளும் காற்றும் கலந்து சட்டெனப் பற்றுகின்றன. அழுத்தம் உயர்ந்து, சூடான வளி வால்குழாய் வழியே பாய்கிறது. பாய்ந்த வளி தன் வேகத்தால் அளவுக்கு மீறி வெளியேறிவிடுவதால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அப்போது புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எஞ்சிய சூடே அதை மீண்டும் பற்ற வைக்கிறது. வி-1 பொறியில் இது நொடிக்கு ஏறத்தாழ 45 முறை நிகழ்ந்தது. லண்டன்வாசிகள் கேட்டு நடுங்கிய அந்த ரீங்காரம் வேறொன்றுமில்லை, இந்தத் துடிப்புதான்.

சுடர் பாடும் என்பது பழைய செய்தி. 1777இலேயே ஹிக்கின்ஸ் என்பவர் குழாய்க்குள் வைத்த ஹைட்ரஜன் சுடர் இசை எழுப்புவதைக் கண்டார். 1859இல் லைடன் நகரத்து ரைக்க, சூடான கம்பிவலையைக் குழாய்க்குள் வைத்து ஒலி எழுப்பினார். காற்று நெருக்கப்படும் கணத்தில் வெப்பம் சேர்ந்தால் அதிர்வு வலுக்கும் என்ற விதியை 1878இல் ராலே பிரபு வகுத்தார். இவையெல்லாம் பாடநூல்களில் உண்டு. பொறியாக அது எப்படி வளர்ந்தது என்று கேட்டால்தான் பாதை மறைந்துபோகிறது. 1906இல் கரவோதின் எடுத்த காப்புரிமை, அடுத்த சில ஆண்டுகளில் மார்க்கோனே வடித்த தடுக்கிதழ் இல்லாப் பொறி, ஸ்பெயினின் ரிப்போல் என்ற சிற்றூரில் ரமோன் கசனோவா அமைத்து 1917இல் பார்சலோனாவில் பதிந்த பொறி என்று பெயர்களாகத்தான் எஞ்சியிருக்கிறார்கள். ஒரு வரிக் குறிப்புக்கு மேல் நமக்கு எதுவும் அகப்படவில்லை.

இத்துறையில் எவரைக் கேட்டாலும் சுட்டும் நூல் ஒன்று உண்டு. எஃப். எச். ரேய்ன்ஸ்ட் என்பவரின் எழுத்துகளைத் தொகுத்து எம். டபிள்யூ. திரிங் பதிப்பித்த ‘பல்சேட்டிங் கம்பஸ்சன்’; பெர்கமான் அச்சகம், 1961. ரேய்ன்ஸ்ட் ஆராய்ந்த கருவி வியப்பானது. ஒரே வாயுள்ள பானை. அவ்வாய் வழியேதான் காற்று உள்ளே போகிறது, எரிந்த வளியும் அதே வாய் வழியே வெளியே வருகிறது. மூச்சு விடும் பானை என்றே சொல்லலாம். மூடியில் துளையிட்ட கண்ணாடிக் குடுவையில் சிறிது மதுசாரம் ஊற்றிப் பற்ற வைத்துக் காட்டும் விளையாட்டு இதன் எளிய வடிவம். (செய்து பார்க்க எண்ணும் நண்பர்களுக்கு: குடுவை வெடிக்கும், வேண்டாம்.) ஒரு மனிதரின் சிதறிய எழுத்துகளைப் பேராசிரியர் ஒருவர் திரட்டிப் பதிப்பித்திராவிட்டால் ரேய்ன்ஸ்டும் கசனோவாவைப் போல ஒரு வரியாகிப் போயிருப்பார்.

பெரிய நூலகம் ஒன்றின் பட்டியலில் இந்நூல் இருந்தது. விடுப்பெடுத்து, இரவுப் பேருந்தில் சென்று, சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். பல ஆண்டுகளாக எவரும் எடுக்காத நூல்களோடு அதையும் நீக்கி, எடைக்குப் போட்டிருந்தார்கள். பட்டியலிலிருந்து பெயரை நீக்க மட்டும் மறந்திருந்தார்கள். நூலகர் நல்ல மனிதர். இடமில்லை, ஆண்டுதோறும் புதுநூல்கள் வருகின்றன, நாங்கள் என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எவரும் எடுக்காத நூலை வைத்திருப்பதற்கும் செலவாகும். ஆனால் எடுக்கப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டு ஒரு நூலின் தேவையை அளக்கும் முறை, அரிய நூல்களையே முதலில் கொல்லும் முறை. ஒரு துறைக்குத் தமிழ்நாட்டில் நாலைந்து வாசகர்களே இருந்தால் நூல் இருபதாண்டு உறங்கத்தான் செய்யும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் போர்க்கால ஆவணங்களில் கிட்டியது. 1945இல் நேச நாடுகளின் குழுக்கள் ஜெர்மன் ஆய்வகங்களிலும் சுரங்கங்களிலும் புகுந்து, டன் கணக்கில் தாள்களை அள்ளின. பொறியாளர்களை விசாரித்து அறிக்கைகள் எழுதின. அவற்றில் பல பின்னர் விலைக்கே விற்கப்பட்டன. விமானவியல் ஆவணங்கள் லண்டன் வழியாக அமெரிக்காவின் ரைட் ஃபீல்டு தளத்தைச் சேர்ந்தன. அங்கே பட்டியலிட்டும் மொழிபெயர்த்தும் செய்த பணியால் ஆங்கிலத்துக்கு ஒரு லட்சம் புதிய தொழில்நுட்பச் சொற்கள் சேர்ந்தன என்று அமெரிக்க விமானப்படையின் வரலாறுகள் சொல்வதுண்டு. அது மிகையாகவே இருக்கட்டும். கலைச்சொல்லாக்கக் குழுக்களில் தேநீர் அருந்திய அனுபவமுள்ள நமக்கு, அதில் பாதியே பெருமூச்சை வரவழைக்கப் போதும்.

துடிப்புத் தாரைக்குழாயின் வளியியக்கம் பற்றி ஷுல்ட்ஸ்-குரூனோவ் எழுதிய ஜெர்மன் ஆய்வு 1947இல் ஆங்கிலத்தில் வந்தது. வெளியிட்டது, நாசாவுக்கு முன்னோடியான என்.ஏ.சி.ஏ. இன்று அதை நாசாவின் இணையக் கிடங்கிலிருந்து காசின்றி இறக்கிக்கொள்ளலாம். நாம் இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள்.

ஆக, பகைநாட்டின் போர்க்கால ஆய்வு ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. அமைதிக்காலத்தில் கடைகளில் விற்ற 1961ஆம் ஆண்டு நூல் கிடைக்கவில்லை. ஆவணங்கள் அழிவதற்கு இரகசியம்தான் காரணம் என்று எண்ணியிருந்தோம். இத்துறையில் இரகசியமே காப்பாற்றியிருக்கிறது. இரகசியமாக இருந்ததற்கு எண் இட்டார்கள், பெட்டியில் வைத்தார்கள், தடை நீங்கியதும் படியெடுத்தார்கள். கடையில் விற்ற நூலை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தப் பாதுகாப்பில் நமக்கு மகிழ்ச்சி மட்டும் இல்லை. வி-1 குண்டுகளால் இங்கிலாந்தில் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்குண்டுகளில் ஒரு பகுதி நார்ட்ஹவுசன் அருகே மலைக்குடைவுத் தொழிற்சாலையில், டோரா முகாமின் கைதிகளைக் கொண்டு பூட்டப்பட்டது. பொறியின் எஃகுத் தடுக்கிதழ்கள் அரைமணி நேரம் தாங்கினால் போதும். அதற்குள் குண்டு லண்டனை அடைந்துவிடும். தொழில்நுட்ப எழுத்தின் மொழியில் இதற்குப் பெயர் ‘இதழின் ஆயுள்’. வாக்கியத்தில் மனிதர் எவரும் இல்லை. தமிழிலக்கியம் படித்தவர்கள் இத்தகைய நடையையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

காப்புரிமைப் பத்திரங்கள் இருக்கின்றனவே, அவை அழிவதில்லையே என்று நண்பர் சொன்னார். உண்மைதான், ஆனால் அவை உரிமை கோர எழுதப்பட்டவை, கற்பிக்க எழுதப்பட்டவை அல்ல. எது வேலை செய்யும் என்பதைவிட எதையெல்லாம் பிறர் செய்யக்கூடாது என்பதே அவற்றின் கவலை. 1960களின் தொடக்கத்தில் ஹில்லர் விமான நிறுவனத்தில் லாக்வுட் ஆராய்ந்த, தடுக்கிதழே இல்லாத வளைகுழாய்ப் பொறியை இன்றும் உலகெங்கும் ஆர்வலர்கள் தம் பட்டறைகளில் கட்டுகிறார்கள். அவர்களுக்கு உதவுபவை இராணுவத்துக்காக எழுதப்பட்ட அளவீட்டு அறிக்கைகள். அவற்றைப் படியெடுத்துக் கைமாற்றிக் காத்தவர்களில் ஊதியம் பெறாத ஆர்வலர்களும் பலர்.

ரேய்ன்ஸ்ட் நூலுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. பெர்கமான் 1991இல் எல்சேவியருக்குக் கைமாறியது. தொகுத்த திரிங் 2006இல்தான் மறைந்தார். ஆசிரியர் இறந்த பின் அறுபது, எழுபது ஆண்டுகள் என்று எண்ணும் சட்டங்களின்படி அந்நூல் முழுமையாகப் பொதுச்சொத்தாவதை நாம் பார்க்கப்போவதில்லை. பதிப்புரிமையே கூடாது என்று வாதிடவில்லை. எழுதியவன் வயிற்றில் அடிப்பது நம் நோக்கமன்று. அச்சில் இல்லாத, மறுபதிப்பு எண்ணமும் இல்லாத ஒரு தொழில்நுட்ப நூலை, நூலகங்கள் தமக்குள் படியெடுத்துக் காக்கவேனும் பதிப்பகங்கள் இசைய வேண்டும் என்பதே நம் கருத்து. தமிழ்நாட்டில் எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை தந்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இருக்கிறது. அதில் குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனாலும் அந்த வழியால் பல பழைய நூல்கள் மீண்டும் அச்சேறின. அறிவியல் நூல்களுக்கு அப்படியொரு ஏற்பாட்டைப் பற்றி எவரும் பேசியதாக நாம் கேட்டதில்லை.

கடைசியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்யும் பழைய மாணவர் வழியாக இரண்டு இயல்களின் நகல் வந்தது. இயற்பியல் நண்பர் அதை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு எடுத்தார். நாம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோம். பாதி புரிந்தது. நூலை எடைக்குப் போட்ட நூலகத்துக்கும் இருவரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதினோம். இனி நூல்களை நீக்குவதற்கு முன் அவற்றின் பெயர்ப்பட்டியலை ஒரு மாதம் வாசலில் ஒட்டி வைக்குமாறு கேட்டிருந்தோம். பதில் இன்னும் வரவில்லை.