சுருங்குது புறா பந்தய சீசன்! பெரிய புறாவுக்கும் குஞ்சுக்கும் தேதி குறிப்பது எப்படி?

சென்னை:

பந்தய சீசனில் ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் போனால் சில மொட்டை மாடிகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். லுங்கியும் பனியனுமாக நாலைந்து பேர் நிற்பார்கள். எல்லார் கண்ணும் வடக்கு வானத்தில் இருக்கும். வாங்கி வந்த டீ ஆறிப்போய் கிடக்கும். திடீரென்று ஒருத்தர் "வந்துடுச்சுடா!" என்பார். அவ்வளவுதான், மாடியே அதிரும்.

புறா பந்தயம்! 2015-ல் வந்த "மாரி" படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மாடி உலகம் புதுசு இல்லை. 2024-ல் நாகர்கோவில் பக்கத்து பந்தயத்தை வைத்து "பைரி" என்று ஒரு படமும் வந்தது.

வானத்தில் மணிக்கணக்கில் சுற்றும் சாதா புறா, குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறா, எங்கே கொண்டு போய் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் என்று இதில் மூன்று ஜாதி உண்டு. நாம் இங்கே பேசப்போவது ஹோமர் பந்தயம் பற்றி.

சென்னையில் ஹோமர் சீசன் என்றால் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை என்பதுதான் பழைய கணக்கு. ஆனால் இப்போது அந்த நாலு மாசம் முழுசாகக் கையில் கிடைப்பதில்லை. முன்பக்கம் மழை கடிக்கிறது. பின்பக்கம் வெயில் கடிக்கிறது. நடுவில் பறவைக் காய்ச்சல் வந்து நிற்கிறது.

அப்படியானால் சீசனைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது, எதை வைத்துக் கொள்வது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

மூன்று பக்கமும் இடி

முதலில் மழை. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மாசம்தான் புறாவைப் பழக்கும் காலம். அந்த நேரத்தில்தான் வடகிழக்கு பருவமழையும் கொட்டும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை தண்ணீரில் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே புயல் டிசம்பர் 5-ந்தேதி பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதாவது, நம் புறாக்கள் பறந்து வரும் அதே ஆந்திர கடலோரப் பாதை! மனுஷனே மாடியில் மாட்டிக் கொண்ட வாரத்தில் புறாவை எங்கே பழக்குவது?

அடுத்தது வெயில். 1901-ல் இருந்து எடுக்கப்பட்ட கணக்கில் நாட்டின் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. அதோடு விட்டதா? 2025 பிப்ரவரி மாசமும் அதே கணக்கில் மிக வெப்பமான பிப்ரவரியாகப் பதிவானது. மாசி மாசமே இப்படி என்றால் பங்குனி, சித்திரையில் பல்லார்ஷா, நாக்பூர் பக்கம் வெயில் எப்படிக் கொளுத்தும் என்று சொல்லவே வேண்டாம். தண்ணீர் தேடி இறங்கும் புறா வலையில் சிக்கலாம், பூனை வாயிலும் போகலாம்.

மூன்றாவது பறவைக் காய்ச்சல். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் வந்தது. 2025 பிப்ரவரியில் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் வந்தது. இரண்டு தடவையும் சீசன் நடுவே! நோய் உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி 10 கி.மீ. வரை கண்காணிப்பு வளையம் போடுவார்கள். கோழி, வாத்து, முட்டை போக்குவரத்துக்கு எல்லாம் கிடுக்கிப்பிடிதான். புறாவுக்கு அந்த நோய் சுலபத்தில் தொற்றாது என்று ஆய்வுகள் சொன்னாலும், கூடை கூடையாகப் பறவையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை யார் விடுவார்கள்?

2020 கற்றுக் கொடுத்த பாடம்

இதற்கெல்லாம் மேலே ஒரு அடி 2020-ல் விழுந்தது. மார்ச் 25-ந்தேதி நாடு முழுக்க ஊரடங்கு. ரெயில் நின்றது, வண்டி நின்றது. சீசன் சூடு பிடித்த நேரத்தில் புறாவை வெளியூர் கொண்டு போக வழியே இல்லாமல் போனது.

அதே வருஷம் இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே பெரிய புறாக்களுக்கு ஏப்ரலில் இருந்து ஜூலை வரை பந்தயம் நடக்கும். அந்த வருஷம் பிறந்த குஞ்சுகளுக்கு ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை தனியாக நடக்கும். ஊரடங்கில் முதல் இரண்டு மாசம் காலி!

ஜூன் 1-ந்தேதி கட்டுப்பாடு தளர்ந்த அன்றே கெட்டரிங் என்ற ஊரில் இருந்து பார்ன்ஸ்லி வட்டாரத்துக்கு 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்களைப் பறக்க விட்டார்கள். ஊரடங்குக்குப் பிறகு அந்த நாட்டில் முதலில் தொடங்கிய விளையாட்டுப் போட்டி இதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் அப்புறம்தான். பார்ன்ஸ்லி ஒரு காலத்தில் நிலக்கரி சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். அங்கேயும் புறா உழைக்கிற ஜனங்களின் ஆசைதான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் பந்தயத்தின் தூரம் சுமார் 140 கி.மீ.தான். போன இரண்டு மாசத்தையும் சேர்த்துப் பிடிக்கிறேன் என்று எடுத்த எடுப்பில் 500 கி.மீ.க்கு விடவில்லை.

அவசரப்பட்டால் கூண்டு காலி

குறைந்த வாரத்தில் பழைய பந்தயம் அத்தனையும் நடத்தி விடலாம் என்ற நினைப்புதான் ஆபத்து. வாரா வாரம் அதே புறாவை அனுப்பினால் உடம்பு தேறாது. இடையில் ஒரு ஊரைத் தாண்டி திடீரென்று தூரத்தை ஏற்றினால் வழி பிடிபடாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் வானம் ஏமாற்றும். 2021 ஜூன் 19-ந்தேதி இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் இருந்து விடப்பட்ட சுமார் 9 ஆயிரம் புறாக்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அதற்கும் முன்பு, 1997 ஜூனில் பிரான்சின் நாண்ட் நகரில் இருந்து இங்கிலாந்துக்கு சுமார் 60 ஆயிரம் புறாக்கள் பறந்தன. அதிலும் பல்லாயிரம் புறாக்கள் மாயமாகி விட்டன. எத்தனையோ காரணம் சொல்லப்பட்டது. ஆனால் போன புறா போனதுதான்.

அங்கே அது செய்தி. இங்கே அது ஒரு குடும்பத்தின் கண்ணீர். மூட்டை தூக்கியும், ஆட்டோ ஓட்டியும் கொண்டு வரும் காசில் கம்பு, சோளம், மக்காச்சோளம், பச்சைப்பயறு வாங்கிப் போட்டு வளர்த்த பத்து புறாவில் எட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போனால்? வீட்டில் விழும் பேச்சு வேறு!

பெரிய புறா கணக்கு வேறு

ஒரு வயசு தாண்டிய புறாவுக்கு வழி தெரியும். அதற்குத் தேவை உடம்பும் இறகும்தான். ஒவ்வொரு இறக்கையிலும் பறப்பதற்கென்று பத்து பெரிய இறகுகள். அவை ஒவ்வொன்றாக விழுந்து முளைக்கும். இறகு உதிர்ந்து பாதி முளைத்த நிலையில் இருக்கும் புறாவைத் தூர பந்தயத்துக்கு அனுப்பக்கூடாது. பந்தயத்துக்கு ஒரு மாசம் முன்பே இறக்கையை விரித்து எண்ணிப் பாருங்கள்.

டிசம்பரிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்து விட வேண்டும். முட்டை வைக்கப் போகும் பெண் புறாவையும், பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்குப் பால் கக்கும் புறாவையும் கூடையில் ஏற்றுவது பாவம்.

கழுத்து திருகும் நோய்க்கும் அம்மைக்கும் தடுப்பூசி போடுவதாக இருந்தால் கால்நடை டாக்டரிடம் கேட்டு, பந்தயத்துக்கு வெகு முன்பே முடித்து விடுவது நல்லது. சீசன் சுருங்கினால் நடுவில் ஊசி போட்டு ஓய்வு கொடுக்க நேரம் இருக்காது.

குஞ்சுக்கு ஆடியிலேயே ஆரம்பம்

குஞ்சு விஷயத்தில் பின்னால் இருந்து எண்ண வேண்டும். முதல் பந்தயம் பிப்ரவரி முதல் வாரம் என்று வைத்துக் கொள்வோம். அப்போது குஞ்சுக்கு ஐந்து மாசமாவது ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் ஆகஸ்டு கடைசியில் பொரிந்திருக்க வேண்டும். அடைகாக்க 18 நாள். ஜோடி சேர்ந்து முட்டை வைக்க ஒரு வாரம், பத்து நாள். ஆக, ஜூலை கடைசியில் ஜோடி போட்டாக வேண்டும்.

ஆடி மாசத்தில் புதுசா கல்யாணம் ஆன ஜோடியைப் பிரித்து வைப்பது நம் ஊர் வழக்கம். புறாக்காரர்களோ ஆடியில்தான் ஜோடி சேர்க்க வேண்டும்!

பொரிந்த ஒரு வாரத்திலேயே காலில் வருஷமும் நம்பரும் உள்ள ரிங் போட்டு விட வேண்டும். விட்டால் கால் பெருத்து, அப்புறம் ஏறாது. அந்த ரிங்தான் இது பெரிய புறாவா குஞ்சா என்பதற்கு சாட்சி. நாலு வாரத்தில் தாயிடம் இருந்து பிரித்து, புரட்டாசியில் மாடியைப் பழக்கி விட்டால் ஐப்பசி மழைக்கு முன்பு வீடு மனசில் பதிந்து விடும். மழை விட்ட நாட்களில் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்பேட்டை என்று படிப்படியாகக் கொண்டு போய் விடலாம். சூளூர்பேட்டை வரை மின்சார ரெயிலே போகிறது.

ஒன்பது ஞாயிறு திட்டம்

பொங்கல் முடிந்து, காத்தாடி ஆட்டம் அடங்கிய பிறகு தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். தடை இருந்தும் மாஞ்சா நூல் ஓயவில்லை. இறக்கையில் பட்டால் புறா பிழைக்காது. அங்கிருந்து மார்ச் நடுவரை ஒன்பது ஞாயிறு கிடைக்கும். அதை இப்படிப் பங்கு போடலாம். தூரம் எல்லாம் வான்வழியில் தோராயமாக.

1-வது வாரம்: பெரிய புறா, நெல்லூர், 155 கி.மீ.

2-வது வாரம்: பெரிய புறா, ஓங்கோல், 270 கி.மீ.

3-வது வாரம்: குஞ்சு, கூடூர், 125 கி.மீ.

4-வது வாரம்: பெரிய புறா, விஜயவாடா, 385 கி.மீ.

5-வது வாரம்: குஞ்சு, நெல்லூர்.

6-வது வாரம்: பெரிய புறா, வாரங்கல், 540 கி.மீ.

7-வது வாரம்: குஞ்சு, ஓங்கோல்.

8, 9-வது வாரம்: காலி!

எதற்குக் காலி? அதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். மூடுபனி, மழை, பறவைக் காய்ச்சல் எது வந்தாலும் தள்ளிப் போட இரண்டு ஞாயிறு கையில் இருக்கும். இல்லை என்றால் "இன்னிக்கு விட்டே ஆகணும்" என்று மோசமான வானத்தில் கூடையைத் திறக்க வேண்டி வரும்.

நெல்லூரில் நோய் வந்தால் கூடூரோடு நிறுத்துங்கள். கோதாவரிப் பக்கம் வந்தால் ஓங்கோலோடு நிறுத்துங்கள். அதற்குக் கமிட்டி முன்பே முடிவு எடுத்து எழுதி வைத்திருக்க வேண்டும். அன்றைக்குக் கூடிப் பேசினால் சண்டைதான் மிச்சம்.

வாரங்கலில் காலை 6.30-க்கு விட்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மதியம் 3.30-க்கு வீடு வரும். நாக்பூர் சுமார் 900 கி.மீ. அதே வேகத்தில் 15 மணி நேரம். பகல் வெளிச்சமோ 12 மணி நேரம்தான். அதாவது புறா ஒரு ராத்திரி எங்காவது முள்காட்டில் தங்கி, மறுநாள் வெயிலில் மறுபடி பறக்க வேண்டும். சுருக்கிய சீசனில் நாக்பூர் ஆசையை மூட்டை கட்டி வையுங்கள்.

சின்ன கூண்டுக்காரருக்கு நியாயம் வேண்டும்

இதில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பந்தயத்தை நெருக்கி நெருக்கி வைத்தால் லாபம் யாருக்கு? நூறு புறா வைத்திருப்பவருக்குத்தான். அவர் வாரம் ஒரு செட் மாற்றி அனுப்புவார். பத்து புறா வைத்திருப்பவர் அதே புறாவைத் திரும்பத் திரும்ப அனுப்பித் தோற்பார், புறாவையும் இழப்பார்.

அதனால் ஒரு பந்தயத்துக்கு ஒரு கூண்டில் இருந்து இத்தனை புறாதான் என்று உச்சவரம்பு வேண்டும். மேலே சொன்ன திட்டத்தில் பெரிய புறாவுக்கு நாலு பந்தயம், குஞ்சுக்கு மூன்றுதான். ஓங்கோலில் இருந்து பெரிய புறாவுக்கும், குஞ்சுக்கு முதலில் இருந்தே இரண்டு வாரம் இடைவெளி இருக்கிறது. பத்து புறாக்காரரும் தைரியமாக இறங்கலாம்.

முதலில் வந்து இறங்கும் புறாதான் ஜெயிக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தூரம் வேறு. நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் என்பதுதான் கணக்கு. 160 கி.மீ. தள்ளி இருக்கும் கூண்டுக்கு 2 மணி 30 நிமிஷத்தில் வந்தால் வேகம் 1,066 மீட்டர். 164 கி.மீ. தள்ளி இருக்கும் கூண்டுக்கு 2 மணி 33 நிமிஷத்தில் வந்தால் 1,071 மீட்டர். மூன்று நிமிஷம் பிந்தி வந்ததுதான் ஜெயிக்கும்!

சீசனும் அப்படித்தான். எத்தனை பந்தயம் நடந்தது என்று எண்ணுவதில் பெருமை இல்லை. மார்ச் மாசம் முடிந்து கூண்டைத் திறக்கும்போது எத்தனை புறா உள்ளே இருக்கிறது என்பதுதான் கணக்கு. மழையும் வெயிலும் நம் பேச்சைக் கேட்காது. தேதி குறிக்கிற பேனா நம் கையில்தானே இருக்கிறது?