திரையில் விழாத சிலை

திரையில் சிலை விழுவதில்லை. அங்கே எடை கிடையாது, ஈரம் காய்வதில்லை. மூக்கு கோணிவிட்டால் இரண்டு விசைகளைத் தட்டினால் போதும், பழைய மூக்கு திரும்பிவிடும். கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்க வரும் இன்றைய மாணவிக்கு முதல் சில வாரங்கள் சொர்க்கம்தான். பிறகு முப்பரிமாண பிரின்டரை இயக்குகிறாள்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனில் அடுக்கு மேல் அடுக்காக வைத்துக்கொண்டு போகிறது அந்தப் பெட்டி. கையகல உருவத்துக்கே ஓர் இரவு ஆகலாம். நீட்டிய கை அந்தரத்தில் தொடங்கினால் இழை தாங்க இடமில்லாமல் தொங்கும். காலையில் சிலைக்குப் பதில் இடியாப்பம். முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டைப் பிய்த்த இடத்தில் வடு விழும். வடுவுக்கு உப்புத்தாள். கைவேலையிலிருந்து தப்பித்ததாக நினைத்தவள் அதனிடமே வந்து சேருகிறாள்.

முக்கியக் காப்புரிமை ஒன்று 2009-ல் காலாவதியானதும் இந்த இயந்திரங்களின் விலை சரிந்தது. இப்போது 20,000 ரூபாய் அளவில்கூடக் கிடைக்கின்றன. 'பிளெண்டர்' சாஃப்ட்வேர் இலவசம். பெரிய கல்லூரிகளுக்கு மட்டுமான வசதி அல்ல இது: புணேவுக்கு அருகே பாபல் கிராமத்தில் உள்ள விக்யான் ஆசிரமத்தில் கம்ப்யூட்டர் வழி உற்பத்திக்கான 'ஃபேப் லேப்' 2002-லேயே வந்துவிட்டது.

இயந்திரம் செய்தால் அது சிற்பமா என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. அதில் சாரம் குறைவு. ரோடினின் 'சிந்தனையாளர்' முதலில் சுமார் 70 செ.மீ. உயரம்தான். 1904-ல் பாரிஸில் காட்சிக்கு வந்த பெரிய வடிவத்தை, அளவெடுத்துப் பெருக்கும் கருவியைக் கொண்டு உருவாக்கியவர் அவருடைய உதவியாளர் ஆன்றி லெபோசே. நம்மூரிலும் 2018-ல் திறக்கப்பட்ட 182 மீட்டர் படேல் சிலைக்கு, ராம் சுதார் செய்த மாதிரியை ஸ்கேன் செய்துதான் பெரிதாக்கினார்கள். இத்தாலியின் கராராவில் பளிங்கைக் குடைவதில் பெரும்பகுதியை இயந்திரக் கைகள் செய்துவிடுகின்றன. கடைசி மெருகுக்கு மனிதர் வருகிறார். அதுவரையிலான உளி வேலையில் பிழைத்தவர்களின் கதி என்ன என்பது நியாயமான கேள்வி. முணுமுணுப்பவர்கள் அதை அதிகம் கேட்பதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். ரோடினும் சுதாரும் களிமண்ணில் பழகிய பிறகு கருவியிடம் போனார்கள். இன்றைய மாணவிக்கு இரண்டும் ஒரே வருடத்தில் கிடைக்கின்றன. சில சமயம் கருவி முந்திக்கொள்கிறது.

சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938-ல் செய்த 'சந்தால் குடும்பம்' சிமென்ட்டும் செம்பாறைச் சரளையும் சேர்ந்தது. அந்தக் கலவை வழவழப்புக்கு இடம் தராது. சரளையின் முரட்டுத்தனம் அந்த உருவங்களின் தோலாகவே ஆகிவிட்டது. பொருள் மறுத்ததைச் சிற்பி ஏற்றுக்கொண்ட இடம் அது. திரை எதையும் மறுப்பதில்லை என்பதுதான் தொல்லை. முதல் வருடத்தில் கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஆனால், கம்பிக்கூடு வளைந்து அரை ஆள் உயரக் களிமண் உருவம் ஒரு தடவையாவது தரையில் சரிவதை அவள் பார்த்தாக வேண்டும். எடை எங்கே இறங்குகிறது என்பதை வேறு எந்தப் பாடமும் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

வார்ப்புப் பட்டறையிலும் ஒரு பாடம் காத்திருக்கிறது. மெழுகுக்குப் பதிலாக, அச்சிட்ட பிளாஸ்டிக் உருவத்தையே மண்ணுக்குள் வைத்துச் சூளையில் எரித்து, அந்த வெற்றிடத்தில் வெண்கலம் ஊற்றலாம். மெழுகு உருகி ஓடிவிடும். பிளாஸ்டிக் அவ்வளவு லேசில் வெளியேறாது. சூடேறும்போது விரிந்து அச்சில் கீறல் விடலாம். சாம்பல் தங்கினால் உலோகத்தில் குழி விழும். சுவரை மெல்லியதாக்கி, உள்ளே வெற்றிடம் விட்டு மறுபடி அச்சிட வேண்டும். எவ்வளவு மெல்லியதாக என்று கேட்க, அவள் ஃபைலை மூடிவிட்டுப் பட்டறைக்காரரிடம் போகிறாள்.