கை கழுவச் சொன்னால் போதுமா?

200க்குக் குறைந்த மாணவர்கள் படிக்கும் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி திறக்கப்பட்டன. தோட்டப் பாடசாலைகள் பலவும் இதில் அடங்கும். வரவேற்கிறோம். ஆனால் கதவைத் திறப்பது வேறு, பாடசாலையைத் திறப்பது வேறு.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னார்கள். குழாயில் தண்ணீர் வராத பாடசாலையில் பிள்ளை எங்கே கழுவும்? ஒரு மீற்றர் இடைவெளி கேட்டார்கள். ஒரே மண்டபத்தைத் தட்டி வைத்துப் பிரித்து வகுப்பு நடத்தும் இடத்தில் அது எப்படி முடியும்?

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபின் ஒன்லைனில் படிக்கச் சொன்னார்கள். 2021இல் இருந்த 1000 ரூபாய் நாட்சம்பளத்தில் அரிசி வாங்குவதா, டேட்டா போடுவதா? படிப்பு விட்டுப்போன பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அழைத்துப்போகத் தரகர்கள் லயத்து வாசலுக்கே வருகிறார்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல:

* ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் தண்ணீர், மலசலகூடம், சவர்க்காரம்.
* தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்களுக்குப் போக்குவரத்து.
* இடைவிலகிய பிள்ளைகளை லயம் லயமாகத் தேடிச் சேர்த்தல். விடுபட்ட பாடங்களுக்கு மேலதிக வகுப்பு.

தோழர்களே, தலைவர்மாரே! உங்கள் தோட்டப் பாடசாலையின் குறைகளை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கை கழுவச் சொன்னவர்கள் நம் பிள்ளைகளையே கை கழுவிவிட நாம் இடங்கொடுக்க மாட்டோம்.